டிரம் கெட்டுப்போச்சு, லைனை நிறுத்துங்க

தாஷ்கெண்டில் மேடையேற்றி, என் பெயரைத்தான் சொல்லி அழைத்தார்கள். ஆனால் என் கையில் கொடுத்தது வேறொருவரின் காப்புரிமைச் சான்றிதழ். அதைப் படிக்க எங்கே நேரம்? கையைக் குலுக்கினார்கள், பூங்கொத்தைத் திணித்தார்கள், கோப்பைத் திறந்து நெஞ்சோடு பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். 'பணியாளர்களை மோசடி அழைப்புகளுக்கு எதிராகப் பழக்கும் முறை' என்று பொன்னிறத்தில் அச்சிட்டிருந்தது. நான் வேதியியல் படித்தவள். வண்டியின் அடிப்பாகத்தில் பூசும் பூச்சு ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தேன். அழைப்பு, மோசடி என்பதெல்லாம் எனக்கு என்ன தெரியும்?

பக்கத்து வரிசையில் ஒல்லியாக ஒருவன் தன் கோப்பைப் பார்த்தபடி முழித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நீங்கதான் பூச்சா?" என்றான்.

"நீங்கதான் மோசடியா?" என்றேன்.

அப்படித்தான் உல்மாஸ் எனக்கு அறிமுகமானான். தேநீர் இடைவேளையில் சான்றிதழ்களை மாற்றிக்கொண்டோம். பேசப் பேசத்தான் தெரிந்தது, அவனும் எங்கள் ஊரான நமங்கான்காரன். கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறையில் கம்பெனி நடத்துகிறான். அதைவிட வேடிக்கை, ஊருக்கு வெளியே வேன் செய்யும் தொழிற்சாலை இருக்கிறதே, அதற்குத்தான் என் பரிசோதனைக்கூடம் பூச்சு கொடுக்கிறது. அதே தொழிற்சாலைக்குத்தான் அவனும் பயிற்சி கொடுக்கப்போகிறான்.

என்னைவிடப் பத்து வயதாவது இளையவன் என்பதால் என்னை அக்கா முறையில் ஓபா என்றே அழைத்தான். இருவரும் ஒரே வாடகைக் காரில் மலைக்கணவாய் வழியாக ஊர் திரும்பினோம். பின்னிருக்கையில் நான் அவனுக்கு என் பூச்சைப் பற்றிச் சொன்னேன். வேனின் உடல் என்பது தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்ததுதான். தகடும் தகடும் சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். தண்ணீர் புகுந்தால் துரு பிடிக்கும். அதனால் இடுக்குகளில் வெள்ளைப் பசையை நிரப்பி, அடிவயிற்றிலும் தெளித்து, அடுப்புக்குள் அனுப்புவார்கள். வெளியே வரும்போது பசை ரப்பர் மாதிரி இறுகியிருக்கும். என் பசை குறைந்த சூட்டிலேயே இறுகும், மெல்லிசாகப் பூசினாலும் போதும். ஒரே ஒரு பலவீனம்: பசை இருக்கும் டிரம்மில் ஈரம் இறங்கிவிட்டால் அடுப்பில் கொதித்துக் கொப்பளித்துவிடும்.

அவனுடைய கண்டுபிடிப்பு அதைவிட விசித்திரம். ஒரு மிஷின், நமக்குத் தெரிந்த ஆளின் குரலில் போன் செய்யும். கணக்குப் பிரிவுத் தலைவர் குரலில் கடவுச்சொல் கேட்கும், மேலாளர் குரலில் கதவைத் திறக்கச் சொல்லும். செய்துவிட்டால் மணியடித்து, 'இது பயிற்சி, நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்' என்று சொல்லும். சந்தேகப்பட்டு நட்சத்திரப் பொத்தானை அழுத்தினால் நமக்கு மதிப்பெண், அழைத்தவர்மீது புகாரும் பதிவாகும். ஒருவர் எந்தப் பொய்க்கு மசியவில்லை என்று பார்த்து, அவருக்கென்றே அடுத்த பொய்யை அதுவே தேர்ந்தெடுக்கும். அதற்குத்தான் காப்புரிமை.

கணவாய் உச்சியை நெருங்கும்போது கேட்டான்: "ஓபா, உங்க தொழிற்சாலையில எதைச் சொன்னா எவனும் ஏன்னு கேக்காம செய்வான்?"

"'டிரம் கெட்டுப்போச்சு, லைனை நிறுத்துங்க.' இதைச் சொன்னா போதும். லைனைப் பாத்துக்கற துர்சுனலி அகா குடிக்கிற டீயைக் கீழ வெச்சிட்டு ஓடுவாரு."

"அட. இதை உங்க குரல்ல பதிஞ்சுக்கவா?"

அன்று நான் நல்ல மனநிலையில் இருந்தேன். கையில் பூங்கொத்து, மடியில் சான்றிதழ், வயிற்றில் தலைநகரத்து விருந்து. சரி என்றேன். அவன் போனை நீட்ட, நான் உண்மையாகவே பதறிப்போனவள் போல, "டிரம் கெட்டுப்போச்சு! லைனை நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டு வண்டியை ஓரம் கட்டினான். "என்ன ஓபா? என்ன கெட்டுப்போச்சு? பின் டயரா?"

உல்மாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாத்தீங்களா, இவருக்கு டிரம்னா என்னன்னே தெரியாது. அதுக்கே நிறுத்திட்டாரு."

அந்த வாரக் கடைசியில் வட்டாரச் செய்தித்தாளில் எங்கள் படம் வந்தது. மேடையில் எடுத்த படம். என் நெஞ்சில் அவன் சான்றிதழ், அவன் நெஞ்சில் என்னுடையது. கீழே எழுதியவரும் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். 'போலி அழைப்புகளால் பாடம் புகட்டும் நம் ஊர்ப் பெண் சனோபர்' என்று நான். 'கசிவை அடைக்கும் இளைஞர் உல்மாஸ்' என்று அவன்.

முதலில் சிரித்தேன். பிறகு பக்கத்து வீட்டு முகர்ரம் நான் பேசப் பேசவே போனை வைத்தாள். திரும்ப அழைத்தேன், திரும்ப வைத்தாள். கதவைத் தட்டி ஏன் என்று கேட்டால், "நான் ஏமாறல பாத்தியா!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்த விஷயம் அவளுக்குக் கடைசிவரை போய்ச் சேரவில்லை. என் கணவர் ஜியாவுத்தீன் பள்ளிக்கூட வாத்தியார். வேலை முடிந்து வர நேரமாகும் என்று போனில் சொன்னால், "இது நீயா, உன் மிஷினா? நம்ம மூத்தவன் பிறந்தப்ப என்ன எடை, சொல்லு" என்பார். எனக்கு அவசரத்தில் வராது. "மிஷின்தான்" என்று வைத்துவிடுவார். சந்தையில் சீரகம் விற்கிறவர் என்னைக் காட்டிப் பக்கத்துக் கடைக்காரரிடம், "இந்தம்மாகிட்ட நம்பர் மட்டும் குடுத்துடாதே" என்றார்.

திருத்தம் போடச் சொல்லிப் பத்திரிகைக்கே அழைத்தேன். என் பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் ஒருவர், "புரிஞ்சுபோச்சு, புரிஞ்சுபோச்சு" என்று இணைப்பைத் துண்டித்தார்.

உல்மாஸின் கதை வேறு மாதிரி. அவன் அலுவலக வாசலில் துருப்பிடித்த பழைய கார்களோடு ஜனங்கள் வந்து நின்றார்கள். "விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது ஓபா" என்றான். "ரெண்டு பேருக்கு வீட்டுக் கூரையையே அடைச்சுக் குடுத்துட்டேன். அது சுலபமா இருந்துச்சு."

இலையுதிர்காலத்தில் பயிற்சி தொடங்கியது.

துர்சுனலி அகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பசை பூசும் லைனுக்கு அவர்தான் பொறுப்பு. இளவயதில் மல்யுத்தக்காரர். ஒரு காது நசுங்கிச் சுருண்டிருக்கும். எவரையும் திட்டமாட்டார், ஆனால் அவர் ஒருமுறை பார்த்தால் போதும், சோம்பலாய் நிற்கிறவன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். நான் அண்ணன் முறையில் அகா என்பேன், அவர் என்னைத் தங்கை முறை வைத்துச் சிங்லிம் என்பார். என் பூச்சைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்கு, வேகமா ஒட்டுது" என்று மேலே சொன்னவரும் அவர்தான்.

ஒரு காலையில் அவர் போன் அடித்திருக்கிறது. ஒரு கையில் பசை, மறுகையில் டீ என்பதால் ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறார். என் குரல்: டிரம் கெட்டுப்போச்சு, லைனை நிறுத்துங்க. அவர் டீயைக் கீழே வைக்கக்கூட இல்லை, போட்டுவிட்டே ஓடி லைனை நிறுத்தும் கயிற்றை இழுத்திருக்கிறார். லைன் நின்றது. எல்லாரும் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து கூடினார்கள். அப்போது மணியடித்து, கூட்டம் முழுக்கக் கேட்க, 'இது பயிற்சி. நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்' என்றது போன்.

ஒருவன் சிரிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மதிய உணவுக்கூடத்துத் திரையில் ஏமாந்தவர் என்று அவர் பெயர் நாள் முழுக்க ஓடியது. உடைந்த டீ கிளாஸின் துண்டுகளை அவரே பொறுக்கினாராம்.

இதையெல்லாம் என் உதவியாளர் மொஹிரா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் சூடாகச் சம்சா வாங்கிக்கொண்டு உணவுக்கூடத்துக்குப் போனேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, "நீ கண்டுபிடிச்சது நல்லா வேலை செய்யுது சிங்லிம். சந்தோஷமா இரு" என்றார்.

"அகா, அது நான் கண்டுபிடிச்சதே இல்ல. பேப்பர்ல மாத்திப் போட்டுட்டாங்க."

"குரல் உன்னுதுதானே?"

குரல் என்னுடையதுதான். சம்சாவை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

உல்மாஸைப் பிடித்துக் கத்தினேன். "என் குரலை வெச்சு அந்த மனுஷனைக் கேவலப்படுத்திட்டியே!"

"நீங்கதானே ஓபா குடுத்தீங்க?" என்றான். குறும்பாக அல்ல, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான். "நீங்க சிரிச்சிட்டேதானே பேசினீங்க? அவருக்கு எது சரிப்படும்னு மிஷின்தான் பொறுக்கியெடுத்துச்சு. நான் தொடவே இல்ல."

அவன்மீது கோபப்படுவதா, என்மீதா, மிஷின்மீதா என்று தெரியாமல் போனை வைத்தேன்.

குளிர்காலத்தில் பனி கொட்டியது. எங்கள் கிடங்குக் கூரையில் எங்கோ ஓட்டை. உருகிய தண்ணீர் சொட்டுச் சொட்டாய் ஒரு டிரம்மின் மூடியில் விழுந்து, சரியாக மூடாத விளிம்பு வழியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. அந்த டிரம் காலையிலேயே தொழிற்சாலைக்குப் போய்விட்டது.

வழக்கமாக, அனுப்பும் ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் கொஞ்சம் முன்பே எடுத்துவைத்துத் தகட்டில் பூசி, எங்கள் சின்ன அடுப்பில் வேகவைத்துப் பார்ப்பாள் மொஹிரா. அன்று அந்தத் தகட்டை இடுக்கியில் பிடித்தபடியே என் மேசைக்கு ஓடிவந்தாள். அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது தகடு.

"இது எந்த டிரம்?"

"போயிடுச்சு ஓபா. இந்நேரம் பூசிட்டிருப்பாங்க."

போனை எடுத்தேன்.

"துர்சுனலி அகா, சனோபர் பேசறேன். டிரம் கெட்டுப்போச்சு, லைனை நிறுத்துங்க!"

வாயை விட்டு வெளியே போன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. எதிர்முனையில் ஒரு சிரிப்பு.

"அதே வசனமா? மிஷினுக்கு வேற சரக்கு இல்லையா?"

"அகா, நான் மிஷின் இல்ல. நெஜமா நான்தான்."

"போன தடவையும் நெஜமா நீயாத்தான் இருந்த."

"ஏதாவது கேளுங்க! எனக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு கேளுங்க!"

யோசித்தார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு என்ன கொண்டு வந்த?"

"மெத்தை விரிப்பு. பச்சை."

"நீலம்."

"பச்சைதான் அகா! நான்தானே வாங்கினேன்!"

"பாத்தியா, மாட்டிக்கிச்சு" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. அப்புறம் பொத்தான் அழுத்தும் சத்தம்.

இன்றுவரை அது பச்சை என்றுதான் நினைக்கிறேன்.

மறுபடி அழைத்தேன். என் எண் முடக்கப்பட்டிருந்தது. மொஹிரா தன் போனில் ஷிப்ட் பொறியாளரை அழைத்தாள். "ஓ, இப்ப உதவியாளர் குரலுமா? பிரமாதம்!" என்று அவரும் பொத்தானை அழுத்தினார். அந்த மாதம் ஒருவரும் ஏமாறக்கூடாது என்று பட்டறை முழுக்கச் சபதம் எடுத்திருந்தார்களாம்.

கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். பரிசோதனைக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே சரக்கு ரயில் பாதை. பனியில் இரண்டு முறை வழுக்கினேன். வாயிலில் என் அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சிவப்பு.

காவலர் கூண்டிலிருந்து தலையை நீட்டினார். தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறவர்தான். "உங்க பேர்ல மோசடிப் புகார் வந்திருக்கு ஓபா. அட்டையை நிறுத்திட்டாங்க."

"ஐயோ, நான்தான்! என்னை உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்கதான்" என்றார் பொறுமையாக. "ஆனா நீங்களே பயிற்சியா இருக்கலாமில்ல? இந்த ஆளு தெரிஞ்சவங்கன்னு உள்ள விடறானா பாப்போம்னு அனுப்பியிருக்கலாமில்ல? நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட ஏமாந்ததில்ல."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மொஹிரா கொண்டுவந்த தகடு நிஜமா? அவளை யாராவது ஏவியிருப்பார்களா? என்னையே சோதிக்கிறார்களா? பிறகு அந்தக் கொப்புளங்கள் கண்ணில் வந்தன. இடுக்கி முனையில் தகடு புகைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதன் வாடை இன்னும் மூக்கில் இருந்தது.

உல்மாஸை அழைத்தேன். "நீயாவது அவங்ககிட்ட சொல்லு, இது நெஜம்னு!"

அவன் தயங்கினான். "ஓபா... நீங்கதானா பேசறது?"

"அடப்பாவி! உன் மிஷின் உனக்கே தெரியாதா?"

"அதனாலதான் கேக்கறேன்."

என் அழுகையைக் கேட்டுத்தான் நம்பினான் என்று பிறகு சொன்னான். அவன் மிஷினுக்கு இன்னும் அழத் தெரியாதாம். பட்டறைக்கு அவனே அழைத்தான். யாரோ ஒரு உல்மாஸ் ஏதோ சொல்கிறான் என்று அவன்மீதும் பொத்தானை அழுத்தினார்கள். உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இதற்குள் காவலர் கம்பி போனில் துர்சுனலி அகாவுக்குச் சொல்லியிருந்தார். அவர் பசை படிந்த மேலங்கியோடு வாயிலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஒரு நொடி நம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

"நேர்லயே வந்துட்டியா? இது ரெண்டாம் பாடமா?"

"அகா, கையைத் தொட்டுப் பாருங்க. நான் மனுஷி. டிரம்ல தண்ணி இறங்கியிருக்கு. அடுப்புக்குப் போனா எல்லாம் கொப்பளிச்சிடும்."

"நீ மனுஷிதான். நீ மனுஷி இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? கண்டுபிடிச்சவளே நீதானே. சான்றிதழோட நிக்கறதைப் பேப்பர்ல பாத்தேனே."

"மேடையில மாத்திக் குடுத்துட்டாங்க அகா!"

அந்த நேரத்தில் உல்மாஸின் கார் பனியில் சறுக்கிக்கொண்டு வந்து நின்றது. கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தான். "அகா, நான்தான் மோசடி! இவங்க பூச்சு! இவங்க சொல்றது நெஜம்!"

துர்சுனலி அகா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கூரை அடைக்கிறவன்தானே? என் மச்சான் வீட்டுக்கு வந்தியே?"

உல்மாஸுக்கு ஆம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றால் பொய். பரிதாபமாக என்னைப் பார்த்தான்.

அதற்குள் பட்டறைக் கதவு படாரென்று திறந்தது. அடுப்பின் வெளிவாயில் பக்கம் நிற்கும் தொழிலாளி ஒருவர் தலைக்கவசம்கூட இல்லாமல் ஓடிவந்தார். "அகா! வெளிய வர்றதெல்லாம் கொப்புளமா வருது! வாங்க, வாங்க!"

துர்சுனலி அகா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குச் சொல்லத் தெரியாது. திரும்பி ஓடினார். காவலர் தடுப்புக் கம்பியைக் கையாலேயே தூக்கினார். நானும் உல்மாஸும் பின்னாலேயே ஓடினோம்.

தந்தூரில் வெந்த நான் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது ஒவ்வொரு வேனின் அடிவயிறும். இடுக்குகளில் நிரப்பிய பசை நுரைத்து வெளியே வழிந்திருந்தது. விரலால் அழுத்தினால் கொப்புளம் பொத்தென்று உடைந்து உள்ளே தகடு தெரிந்தது. துர்சுனலி அகா கயிற்றை இழுத்து லைனை நிறுத்தினார். அதற்குள் இருபதுக்கு மேல் போய்விட்டன. இறுகியதை எல்லாம் சுரண்டி எடுத்துத் துடைத்து மறுபடி பூச வேண்டும். அதற்கு மிஷின் கிடையாது. கைதான்.

ஆளுக்கொரு சுரண்டியை எடுத்தோம். வேன்களை உயரத் தூக்கி வைத்து, கீழே நின்று, கழுத்தை அண்ணாந்தபடி சுரண்டினோம். உல்மாஸ் அலுவலகச் சட்டையோடும் பளபளக்கும் காலணியோடும் வந்திருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனே ஒரு சுரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு என் பக்கத்து வேனுக்கு அடியில் போய் நின்றான். வெள்ளைத் துகள் அவன் தலையிலும் புருவத்திலும் கொட்டியது. கரகரவென்று சுரண்டும் சத்தம் மட்டும்தான்.

தேநீருக்கு நிறுத்தியபோது துர்சுனலி அகா எங்களிடம் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"அன்னிக்கு நம்பினேன், சிரிச்சாங்க. இன்னிக்கு நம்பல, நீ அழற. இனிமே உன் குரல்ல போன் வந்தா நான் என்ன பண்ணணும் சிங்லிம்? சொல்லு, அதையே செய்யறேன்."

நான் உல்மாஸைப் பார்த்தேன். அவன் கையிலிருந்த சுரண்டியைப் பார்த்தான். எங்கள் இருவருக்குமே காப்புரிமை இருந்தது. பதில் இல்லை.

அந்த வாரம் இயக்குநர் எங்கள் இருவரையும் அழைத்தார். மேசையில் இரண்டு அறிக்கைகள். ஒன்று, கெட்டுப்போன வேன்களைப் பற்றியது. இன்னொன்றை உல்மாஸின் மிஷின் தானாகவே அனுப்பியிருந்தது: அன்று பூச்சுப் பட்டறையில் வந்த அத்தனை அழைப்புகளையும் அத்தனை பேரும் நிராகரித்தார்கள், ஒருவர்கூட ஏமாறவில்லை, முழு மதிப்பெண்.

இயக்குநர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "ஒண்ணு இதுவரைக்கும் வராத நல்ல சேதி, ஒண்ணு இதுவரைக்கும் வராத கெட்ட சேதி. ரெண்டும் ஒரே காலையில, ஒரே இடத்துல. எனக்குத் தலை சுத்துது." பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, உங்க பயிற்சி அருமை. எங்க ஆளுங்க இவ்வளவு உஷாரா இருந்ததே இல்ல" என்றார். உல்மாஸைப் பார்த்ததும் குரல் ஏறியது. "உங்களுக்கு ஒரு டிரம்மை ஒழுங்கா மூடத் தெரியாதா? காப்புரிமை வாங்கிட்டா போதுமா? கிடங்குக் கூரையைப் பாக்க மாட்டீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் உல்மாஸ் என் காலை மிதித்தான்.

"மன்னிச்சிடுங்க. இனிமே பாத்துக்கறேன்" என்றான் தலையைக் குனிந்து. இன்னும் கொஞ்சம் திட்டு விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டான்.

வெளியே வந்து, "ஏண்டா சொல்லவிடல?" என்றேன்.

"பரவால்ல ஓபா. எப்படிப் பாத்தாலும் எனக்குக் கொஞ்சம் வரவேண்டியதுதான்." சற்று தூரம் நடந்த பிறகு, "அந்தக் கூரையை நான் வேணா வந்து அடைச்சுத் தரேன். இப்பப் பழகிடுச்சு" என்றான். சொன்னபடியே வந்து, ஏணி போட்டு ஏறி அடைத்தும் கொடுத்தான்.

அவன் அலுவலகத்துக்குப் போய் என் கண்ணெதிரிலேயே என் குரலை அழிக்கச் சொன்னேன். ஒரு பொத்தானைத் தட்டினான். திரையில் ஒரு வரி மறைந்தது.

"அவ்வளவுதானா? போயிடுச்சா?"

"போயிடுச்சு ஓபா."

நிஜமாகவே போய்விட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் முகத்தைப் பார்த்து நம்பினேன். அன்றிலிருந்து லைனை நிறுத்தச் சொல்லும் அழைப்பையே மிஷின் செய்யக்கூடாது என்றும் மாற்றினான். ஆனாலும் துர்சுனலி அகா என் போனை எடுப்பதில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஏதாவது இருந்தால் ரயில் பாதையைத் தாண்டி நடந்தே போவேன். முதலில் அவர் நின்றபடியே கேட்டு அனுப்பிவிடுவார். குளிர் குறைந்து வரும்போது உட்காரச் சொன்னார். ஒருநாள் பச்சைத் தேநீரும் பேரீச்சம்பழமும் வந்தன.

நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய வாரம். புது டிரம் ஒன்றில் குச்சியை விட்டுத் தூக்கினேன். பசை நூல் மாதிரி நீண்டு இறங்கி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம் அறுந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. மொஹிராவைத் தூக்கச் சொன்னேன். "சரியாத்தானே இருக்கு ஓபா?" என்றாள். தகடு சுட்டுப் பார்த்தோம், வழவழவென்று வந்தது. இன்னொரு தகடு, அதுவும் அப்படியே. டிரம்மை அனுப்பினோம். அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

துர்சுனலி அகா தேநீர்க் கோப்பையோடு லைன் ஓரம் நின்றிருந்தார். "என்ன சிங்லிம், முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"புது டிரம்... கெட்டிருக்கான்னு தெரியல அகா. தகடு நல்லாத்தான் வந்துச்சு. மொஹிராவும் சரியா இருக்குன்னா. ஆனா எனக்கு என்னமோ மனசு ஒப்பல. நிறுத்தணுமான்னு கேட்டீங்கன்னா, தெரியல."

அவர் கோப்பையைப் பலகையில் வைத்தார். எட்டிக் கயிற்றை இழுத்தார். லைன் முனகிக்கொண்டே நின்றது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன் அகா நிறுத்தினீங்க? நான்தான் தெரியலன்னேனே!"

"அந்த மிஷினுக்கு எல்லாம் தெரியும். தெரியலன்னு அது சொல்லி நான் கேட்டதில்ல" என்றார்.

இருவரும் டிரம்மின் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தோம். அடியிலிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம் என்று எடுத்துத் தகடுகளில் பூசினோம். அவர் அவற்றைத் தானே அடுப்புக்குள் வைத்து, தானே எடுத்தார். எல்லாம் நன்றாக இருந்தன. ஒரு கொப்புளம்கூட இல்லை. அவர் நகத்தால் கீறிப் பார்த்தார், நான் கீறிப் பார்த்தேன். குறை எதுவும் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. லைனை ஓட்டச் சொன்னார். நின்றுபோன வேன்கள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன.

இயக்குநர் அலுவலகத்திலிருந்து கம்பி போன் அடித்தது. துர்சுனலி அகா எடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஆமாங்க, நான்தான் நிறுத்தினேன்... இல்லீங்க, ஒண்ணும் இல்ல... ஏன்னு கேக்கறீங்களா?" என்று என்னைப் பார்த்தார். "தெரியலீங்க." திட்டு நீளமாகத்தான் இருந்திருக்க வேண்டும். போனை வைக்கும்போது அவர் நசுங்கிய காது சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு.

"உக்காரு. டீ ஆறிப்போச்சு, வேற ஊத்தறேன்" என்றார்.

அந்த டிரம்மில் என்ன இருந்தது, நூல் ஏன் சீக்கிரம் அறுந்தது, உண்மையிலேயே அறுந்ததா என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் பசை பூசிய வேன்கள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. மழை நாளில் ஏதாவது ஒன்று என்னைக் கடந்து போனால், குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்க்கிறேன். இதுவரை எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன.